பூங்காவைப் பற்றிப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடுவதில்லை. அதனால் அங்கே பிள்ளைகளைத் தைரியமாக அனுப்ப முடிகிறது. ஆனால் ஊரின் மற்ற பூங்காக்கள்? ஊஞ்சல் சின்னப் பிள்ளைகளுக்கு, நடைபாதை பெரியவர்களுக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே "இங்கே என்ன வேலை?" என்று விரட்டுகிறோம்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990களில் ஒன்றைக் கவனித்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்திருந்தது. இருந்த மைதானத்தைப் பையன்களே பிடித்துக்கொண்டார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள்: கூடுதல் பாதைகள், வாலிபால் ஆட இடம், திறந்தவெளியைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் செடிகள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

நாம் பெரிய செலவில்லாமலே தொடங்கலாம். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும் ஒரு பெண்ணோடு நகராட்சிப் பொறியாளர் ஒருநாள் நடக்கட்டும். எந்த விளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் நின்று கேலி செய்கிறார்கள், எந்தக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இலேயே அதை ஏற்றது. அப்புறம், கேட்டதோடு விடாமல், சொன்னதில் எதைச் செய்தோம் என்று அவளிடமே வந்து சொல்லவும் வேண்டும்.