கேம்பிங் முடிந்தது, காலை ஐந்தரை மட்டும் கூடவே வந்துவிட்டது

கோடை விடுமுறை என்றால் எனக்கு இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதும், மறுநாள் பதினோரு மணிக்கு வேண்டாவெறுப்பாக எழுந்திருப்பதும்தான். பரீட்சை முடிந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க அடங்கிய பிறகு கிடைக்கிற அந்த நேரம், "அந்த சார்ஜரை எடுத்துட்டு வா", "தம்பி சாப்பிட்டானா பாரு" என்று யாருமே கூப்பிடாத அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய சொத்து என்பது மூத்த பெண்ணாகப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா தினமும் "உச்சி வெயில் வந்து எழுப்பணுமா உன்னை" என்று கேட்பார், நானும் தினமும் "ம்" என்பேன், அதோடு சரி.

இந்த லட்சணத்தில்தான் அப்பா, குடும்பத்தோடு கேம்பிங் போகலாம் என்று ஆரம்பித்தார். மலையடிவாரத்தில் ஒரு ஓடை, பக்கத்தில் மரங்கள், கூடாரம் போட அனுமதி உள்ள இடம், போன் சிக்னல் கிடையாது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னையும் தம்பியையும் பார்க்கவில்லை.

போய் வந்து நான் போட்ட படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், "செம்ம" போட்டுவிட்டீர்கள், நன்றி. படத்தில் வராத விஷயங்களைத்தான் இங்கே எழுத வந்தேன். முக்கியமாக, கூடாரத்துக்குள் என் தூக்கத்துக்கு நடந்ததும், வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடாமல் இருப்பதும்.

முதலில் கூடாரம். நான்கு பேர் கூடாரம் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது நான்கு பேர் அசையாமல் படுத்திருப்பதற்கான கணக்கு. பைகளுக்கு அதில் இடம் கிடையாது, தம்பியின் கால்களுக்கும் கிடையாது. கம்பிகளைக் கோத்து நிறுத்துவது சுலபம், முளை அடிப்பதில்தான் அப்பாவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. முளையை நேராக இறக்கினால் காற்றில் கயிறு இழுக்க இழுக்கப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், தலைப்பகுதி கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிற மாதிரி சரிவாக அடிக்க வேண்டும். தம்பி சொன்னதுதான் சரி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அவன் போன பிறகு தன் பக்கத்து முளைகளைச் சத்தமில்லாமல் பிடுங்கி மறுபடி அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

முதல் நாள் காலையில் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம். தொட்டால் கையில் சொட்டுகிறது. தம்பி ராத்திரி மழை பெய்ததாக நினைத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. எல்லாம் எங்கள் மூச்சுதான். நான்கு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சில் உள்ள ஈரம், வெளிக்குளிரில் சில்லென்று இருக்கிற துணியில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. குளிருக்குப் பயந்து மேலே இருக்கிற காற்றுத் துளைகளை அம்மா இறுக்கி மூடி வைத்திருந்தார். அடுத்த ராத்திரி அதைத் திறந்து விட்டோம், கொஞ்சம் குளிராக இருந்தது, ஆனால் போர்வை நனையவில்லை. குளிர் மேலிருந்து வருவதைவிட அதிகமாகக் கீழிருந்துதான் ஏறுகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்பா பெருமையாக வாங்கி வந்த காற்று மெத்தை மெத்தென்று இருந்ததே தவிர, உள்ளே இருக்கிற காற்று சுற்றிச் சுற்றி உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தது. மெல்லிசான ஃபோம் பாயை விரித்துப் படுத்த எனக்குத்தான் நல்ல தூக்கம்.

அந்தத் தூக்கத்தைத்தான் சொல்ல வந்தேன். அங்கே இருட்டினால் செய்வதற்கு எதுவும் இல்லை. தலையில் மாட்டுகிற டார்ச் இருந்தது, ஆனால் அதைப் போட்டால் ஊரில் உள்ள அத்தனை பூச்சியும் நம் முகத்துக்கு வருகிறது. அதனால் அணைத்துவிட்டு வெளியே பாயில் படுத்து வானத்தைப் பார்த்தோம். தென்கிழக்குப் பக்கம் தேள் மாதிரி வளைந்து ஒரு நட்சத்திரக் கூட்டம், நடுவில் சிவப்பாக ஒன்று. அதுதான் கேட்டை என்றார் அப்பா. தேளின் தலைப்பக்கம் அனுஷம், நெஞ்சில் கேட்டை, கொடுக்கில் மூலம். காலண்டரில் வரிசையாகப் படித்த பெயர்கள் வானத்திலும் அதே வரிசையில் இருக்கின்றன என்பதை இத்தனை வயதுக்கு அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். கேட்டை சுமார் 550 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, குறுக்களவில் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரிது என்றெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே போனார், நான் பாதியில் தூங்கிவிட்டேன். மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது. ஒன்பது மணி! வீட்டில் அந்த நேரத்துக்குத்தான் எனக்கு மூளையே வேலை செய்ய ஆரம்பிக்கும்.

காலையில் யாரும் எழுப்பவில்லை. வெளிச்சம் வந்ததும் தானாக விழிப்பு வந்தது. ஐந்தரை இருக்கும். எரிச்சல் இல்லை, கண் எரியவில்லை, சும்மா விழித்துக்கொண்டேன். இதுவே அடுத்தடுத்த நாட்களிலும். எனக்கே சந்தேகமாகிவிட்டது, இது நான்தானா என்று.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைட் என்பவரின் குழு 8 பேரைக் கோடையில் ஒரு வாரம் ராக்கி மலைப் பகுதிக்குக் கேம்பிங் அனுப்பியது, முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. டார்ச் கிடையாது, போன் கிடையாது, வெயிலும் நெருப்பு வெளிச்சமும் மட்டும்தான். திரும்பி வந்தபோது, தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிற மெலடோனின் அவர்களுக்கு முன்பைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னதாகவே சுரக்க ஆரம்பித்திருந்தது. வழக்கமாக ராத்திரி விழிக்கிற ஆந்தைகளிடம்தான் அதிக மாற்றம். அதாவது என் போன்றவர்களிடம். நான் இத்தனை நாள் "என் பாடி அப்படித்தான், நான் நைட் பர்சன்" என்று அம்மாவிடம் வாதாடி வைத்திருந்ததெல்லாம் என்ன ஆவது? இந்த ஆராய்ச்சியை அம்மாவுக்கு நான் காட்டவே இல்லை. காட்டவும் மாட்டேன்.

காரணம் வெளிச்சத்தின் அளவுதான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள், நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வரும். விளக்குப் போட்ட அறைக்குள் சில நூறு. நாம் பகலில் அறைக்குள் அரையிருட்டில் இருக்கிறோம், ராத்திரியில் முகத்துக்கு நேராக போனைப் பிடித்துக்கொள்கிறோம். உடம்பு எதைப் பகல் என்று எடுத்துக்கொள்ளும், பாவம்.

தூக்கம் தவிர எழுத வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது, கேம்பிங் பற்றி எழுதுகிற ஆண்கள் யாரும் அதை எழுதுவதில்லை. சரியாக இரண்டாம் நாள் எனக்குப் பீரியட்ஸ். தேதி தெரியும், அதனால் தயாராகத்தான் போயிருந்தேன், ஆனால் தயாராக இருப்பது வேறு, காட்டில் சமாளிப்பது வேறு. கழிப்பறை இல்லாத இடத்தில் பொதுவான முறை, ஓடையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மண்ணைப் போட்டு மூடிவிடுவது. ஆனால் பேடை அந்தக் குழியில் போடக் கூடாது. அது மக்காது, வாசனைக்கு மிருகங்கள் தோண்டி எடுத்துவிடும். கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு ஜிப் பையில் போட்டு, அதை வெளியே தெரியாத கருப்புப் பையில் வைத்து, உள்ளே ஒரு ஸ்பூன் பேக்கிங் சோடா தூவினால் நாற்றம் அடங்கிவிடுகிறது. ஈரத்துணி, கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு, இதை எல்லாம் ஒரே சின்னப் பையில் வைத்து இருட்டிலும் கை போனதும் கிடைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு நான்கு பேர் படுத்திருக்கிற கூடாரத்தில் பையைக் குடைந்துகொண்டிருப்பது இருக்கிறதே, அந்த ஜிப் சத்தம் மாதிரி ஒரு துரோகி உலகத்திலேயே கிடையாது. அம்மா எழுந்து, எதுவும் கேட்காமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட வந்தார். போகிற வழியில் "எங்க காலத்துல இதுக்காகவே எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றார், அவ்வளவுதான்.

அம்மா பற்றி இன்னொன்று. வீட்டில் சமையலறைக்குச் சுவர் இருக்கிறது, அங்கே சுவர் இல்லை. அதனால் அவர் எத்தனை தடவை உட்கார்ந்து எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அடுப்புக்குக் காற்று மறைக்கிறார், பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறார், மிச்சத்தை எறும்புக்குப் பயந்து கட்டித் தொங்கவிடுகிறார். "என்ன அமைதி பாரு" என்று சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவே கொஞ்ச நேரத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். கோடை விடுமுறை என்று நாம் சொல்வதெல்லாம் யாரோ ஒருவர் விடுமுறை எடுக்காததால் நடக்கிற விஷயம், இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். திரும்பி வந்த மறுநாளும் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. சரி, இரண்டு நாளில் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, அப்புறம் நானே போகாமல் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். எழுந்ததும் ஜன்னல் எல்லாவற்றையும் திறப்பது என் வேலை. வெயில் ஏறியதும் எட்டு மணிவாக்கில் மூடித் திரை போடுவதும் நானே. கூடாரத்தில் சூரியன் மறைந்த அரை மணியில் குளிர்ந்துவிடும், சூரியன் வந்த அரை மணியில் உள்ளே இருக்க முடியாது. வீடு அப்படியில்லை, சுவர்கள் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி நம் தலையில் கக்குகின்றன. வெயில் பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வந்தாலும் வெக்கை உச்சத்துக்குப் போவது மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள்தான், ஏனென்றால் தரை அதுவரைக்கும் இழப்பதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே என் நாள் இப்போது இரண்டாக உடைந்திருக்கிறது. காலையில் நடை, துணி, படிக்க வேண்டியது எல்லாம் பத்து மணிக்குள். மதியம் ஒன்றுமே இல்லை, படுத்துக் கிடப்பது, சும்மா. மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி உயிர்.

நடைக்குப் போவதால் சன்ஸ்கிரீன். இதில் தோழிகளோடு நடந்த பெரிய விவாதத்தை இங்கே முடித்துவைக்கிறேன். எஸ்பிஎஃப், அதாவது டப்பாவில் போட்டிருக்கிற வெயில் பாதுகாப்பு எண், 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கிற புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்றால் சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவுவதை நிறுத்துங்கள், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். கொசுவுக்கான க்ரீமும் போடுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு அதன் மேல் கொசு க்ரீம். முகாமில் நான் மட்டும் கடி வாங்காமல் வந்ததற்கு அதுதான் காரணம், "உன் ரத்தம் கசப்பு" என்று தம்பி சொல்வதை நம்ப வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி பத்துக்கு மேல் குரூப்பில் ஓடுகிற கதை எதுவும் எனக்குத் தெரிவதில்லை, காலையில் எழுந்து இருநூறு மெசேஜ் படித்து, எல்லோரும் தூங்குகிற நேரத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாரக் கடைசியில் ஒரு படம் பார்த்தால் போச்சு, இரண்டு நாளுக்கு எல்லாம் குளறுபடி. அந்த ராத்திரித் தனிமை எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அது இப்போது காலையில் கிடைக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் காலையில் அம்மாவும் எழுந்துவிடுகிறாரே. இருவரும் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறோம், பத்து நிமிஷம் பேசாமல் இருப்பார், பதினோராவது நிமிஷம் "அந்த சார்ஜர் எங்க" என்பார்.

அடுத்த கேம்பிங்குக்கு அப்பா இப்போதே இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுப்புப் பக்கம் வர மாட்டேன் என்ற நிபந்தனையோடு. அப்பாவும் தம்பியும் முறை போட்டுச் சமைக்க வேண்டும், இன்னும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தனிக் கூடாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு ஆள் கூடாரம் என்று போட்டிருந்தால் ஒரு ஆளுக்குப் பத்தாது என்பது தெரிந்துவிட்டதால் இரண்டு ஆள் கூடாரமாகப் பார்க்கிறேன், பணம் பாதி நான், பாதி அப்பா. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.