1950-க்கு முன்னாடி உங்க தாத்தா எங்க இருந்தாரு?

கேரளாவுல எங்க இடுக்கி மலைப்பக்கம் எஸ்.எஸ்.எல்.சி, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே லயத்துல, அதாவது தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள்ல, பல வீட்டுல ஒரு கவலை பிடிச்சுக்கும். பிள்ளைங்க நல்ல மார்க் எடுத்திருப்பாங்க, இருந்தும் பெத்தவங்களுக்கு சோறு இறங்காது, ஏன்னா அடுத்து ஜாதி சர்டிபிகேட் வாங்கணும். அரசாங்க இ-சேவை மையமான அக்ஷயால அப்ளிகேஷன் போட்டு, வில்லேஜ் ஆபீஸ் ஏறி இறங்கி, கடைசில தாலூக் ஆபீஸ்ல போய் நின்னா ஒரு கேள்வி வரும். "1950-க்கு முன்னாடி உங்க தாத்தா கேரளாவுல இருந்தாருன்னு என்ன ரிக்கார்டு இருக்கு?" பதினேழு வயசுப் பிள்ளைகிட்ட கேக்குற கேள்வி இது. எந்த ஆபீஸ்னு எழுதல, ஏன்னா இது ஒரு ஆபீஸோட பிரச்சனை இல்ல, சட்டமே அப்படித்தான் இருக்கு.

அரசியல் சட்டத்தோட 341-வது பிரிவுல எஸ்.சி பட்டியல ஜனாதிபதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியா அறிவிக்கணும்னு இருக்கு. முதல் பட்டியல் வந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்த தேதியில உங்க குடும்பம் எந்த மாநிலத்துல குடியிருந்துச்சோ அந்த மாநிலத்துக்குத்தான் நீங்க எஸ்.சி, அப்புறம் பொழைக்கப் போன மாநிலத்துல பிள்ளை பேரன் எல்லாம் அங்கயே பொறந்து வளர்ந்தாலும் அங்க எஸ்.சி கிடையாது. 1990-ல மர்ரி சந்திரசேகர ராவ் வழக்குல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் இத உறுதியாவே சொல்லிருச்சு. அவர் ஆந்திராவுல பழங்குடி, அப்பா வேலைக்காக பம்பாய் போன குடும்பம், அங்க மெடிக்கல் காலேஜ்ல எஸ்.டி சீட் கேட்டாரு, கிடைக்கல. கோர்ட் சொன்ன காரணம், ஒரு ஜாதி ஒரு மாநிலத்துல படுற கஷ்டம் இன்னொரு மாநிலத்துல அதே அளவு இருக்கணும்னு இல்ல.

கேக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா அத எங்க மலையில வச்சுப் பாருங்க.

தேயிலைக் காடு வந்த காலத்துல, அதாவது 1870, 80-கள்ல இருந்தே மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து கங்காணிமாருங்க, அதாவது தோட்டத்துக்கு ஆள் பிடிச்சு வேலை வாங்குறவங்க, முன்பணம் குடுத்து எங்க ஆளுங்கள மலைக்கு கூட்டிட்டு வந்தாங்க. வந்தவங்கள்ல பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். இந்த மூணு ஜாதியும் தமிழ்நாட்டு எஸ்.சி பட்டியல்லயும் இருக்கு, கேரளா எஸ்.சி பட்டியல்லயும் இருக்கு. அப்போ மலைக்கு இந்தப் பக்கம் கஷ்டம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல, பட்டியலே ஒத்துக்குதே. ஜாதி எங்க கூடவேதான் மலை ஏறுச்சு. கங்காணி ஒரு ஜாதி, கொழுந்து எடுக்குறவ ஒரு ஜாதி, கக்கூஸ் கழுவ தோட்டத்துல வச்ச ஆளு ஒரு ஜாதி, எந்த ஜாதிக்கு எந்த லயம்ங்கற வரைக்கும் பிரிச்சு வச்ச தோட்டங்கள் இருந்துச்சு. ஜாதிக்கு யாரும் எந்த தேதியில வந்தேன்னு கேக்கல, அதுக்கான பரிகாரத்துக்கு மட்டும் தேதி கேக்குறாங்க.

சரி, ரிக்கார்டு குடுக்கலாம்னா என்ன இருக்கு எங்ககிட்ட? இடுக்கியில மத்தவங்க பட்டயம்னு சொல்ற நிலப் பட்டா காட்டுவாங்க, கரம்னு சொல்ற நிலவரி கட்டுன ரசீது காட்டுவாங்க. தோட்டத் தொழிலாளிக்கு சொந்தமா ஒரு செண்ட் நிலம் கிடையாது, லயம் கம்பெனியோடது, வேலை முடிஞ்சு லயத்த காலி பண்ணிக் குடுத்தாத்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும்ங்கற நிலைமை பல தோட்டத்துல இன்னிக்கும் இருக்கு. ஸ்கூல்ல சேர்ந்த ரிக்கார்டுன்னா அந்தக் காலத்துல எங்க தாத்தாமாருல எத்தனை பேரு ஸ்கூல் பக்கம் போனாங்க. மிச்சம் இருக்குறது கம்பெனி செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவங்க பேரும் கூலியும் பதியுற புஸ்தகம், அது மட்டும்தான். அது கம்பெனி ஆபீஸ்ல இருக்கும், நம்ம கையில இருக்காது.

எங்க வீட்டுல எனக்கு சர்டிபிகேட் கிடைச்சுச்சு. எங்க அப்பத்தா சின்ன வயசுல கொழுந்து எடுத்த காலத்து செக்ரோல்ல ஒரு பக்கத்த ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் தூசி தட்டி தேடி எடுத்துக் குடுத்தாரு, அந்த ஒரு பக்கம்தான் என்னைய காலேஜ் வரைக்கும் கொண்டு போச்சு, ஃபீஸ் இல்லாம ஹாஸ்டல்ல தங்கி படிச்சேன். எங்க அத்தை மகளுக்கு கிடைக்கல. மாமா வேலை பாத்த தோட்டம் 2000-த்துக்கு அப்புறம் தேயிலை விலை விழுந்தப்ப முதலாளி விட்டுட்டுப் போன தோட்டங்கள்ல ஒண்ணு. பீருமேடு பக்கம் அப்படி எத்தனையோ தோட்டம் கைவிடப்பட்டு கிடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் ஓடு இடிஞ்சு மழை இறங்கி புஸ்தகம் எல்லாம் கூழாப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே ஜாதி, ஒரே மாதிரி லயத்துல வளர்ந்தோம், என்னைய விட அவ நல்லா படிப்பா. நர்சிங்குக்கு அவ ஜெனரல்ல போட்டி போட்டு சீட் கிடைக்காம, கடன் வாங்கி பிரைவேட்ல படிச்சு, அந்தக் கடன இன்னும் கட்டிட்டு இருக்கா. கேரளா அரசு வேலைக்கான பி.எஸ்.சி பரீட்சையும் ஜெனரல்லதான் எழுதுறா. எனக்கு இத நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

தமிழ்நாட்டுல போய் வாங்கிக்கலாமேன்னு சொல்றவங்க இருக்காங்க. மாமா போனாரு, பூர்வீக ஊருக்கு. அங்க கேட்டது, ரேஷன் கார்டு கேரளா, ஆதார் கேரளா, பிள்ளை படிச்சது கேரளா, இங்க நீங்க எந்த வீட்டுல குடியிருக்கீங்க? வீடு எங்க இருக்கு, தாத்தா காலத்துலயே குடிசை போயிருச்சு. விதிப்படி அப்பாவோட பூர்வீக மாநில சர்டிபிகேட்ட வச்சு பிள்ளைக்கு சர்டிபிகேட் குடுக்கலாம், 1985-ல மத்திய உள்துறை போட்ட சர்குலர் அது. அத வச்சு ரயில்வே, பேங்க் மாதிரி மத்திய அரசு வேலைக்கு கேக்கலாம். ஆனா கேரளா பி.எஸ்.சி-க்கும் கேரளா காலேஜ் சீட்டுக்கும் அது செல்லாது. அதுவும் அப்பாகிட்ட ஏற்கெனவே சர்டிபிகேட் இருந்தாத்தானே. தலைமுறையா மலையிலயே கொழுந்து வெட்டுன மனுசன் எதுக்கு தமிழ்நாட்டு ஜாதி சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கப் போறாரு.

எங்க இடுக்கி ஜில்லா தேவிகுளத்துல எம்.எல்.ஏ-வா ஜெயிச்ச ராஜாவோட வழக்கு ஞாபகம் இருக்கும். தேவிகுளம் எஸ்.சி ரிசர்வ் தொகுதி, 2021-ல அவர் ஜெயிச்சது செல்லாதுன்னு 2023 மார்ச்ல கேரளா ஹைகோர்ட் சொல்லுச்சு, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணி அவர் ஜெயிச்சது செல்லும்னு சொல்லுச்சு. அதுல மதம் என்னங்கற கேள்வி பெருசா பேசப்பட்டுச்சு, கூடவே குடும்பம் எந்த வருசம் மலைக்கு வந்துச்சுங்கற கேள்வியும் வந்துச்சு. ஒரு எம்.எல்.ஏ-வுக்கே பெரிய வக்கீல் வச்சு டெல்லி வரைக்கும் போய்த்தான் இது முடிஞ்சுது. கொழுந்து எடுக்குறவ மகளுக்கு அட்மிஷன் முடியுறதுக்குள்ள யாரு வக்கீல் வைப்பா?

இன்னொரு பக்கமும் பேசணும். கேரளாவுல எஸ்.சி-க்கு பி.எஸ்.சி-ல 8 சதவீதம்தான், எஸ்.டி-க்கு 2. 2011 சென்சஸ்படி எஸ்.சி ஜனத்தொகை 9 சதவீதத்துக்கு மேல. இருக்குறதே கம்மி, அதுலயும் வெளிய இருந்து வந்தவங்க பங்கு கேட்டா நாங்க என்ன பண்றதுன்னு கேரளாவோட எஸ்.சி ஜாதிகளான புலையர், குறவர் சமுதாயத்து ஆளுங்க கேக்குறாங்க. அந்த பயத்த நான் தப்பு சொல்ல மாட்டேன். புலையர் தலைவர் அய்யன்காளி காலத்துல ஒரு பிள்ளைய ஸ்கூல்ல சேக்குறதுக்கே அடி வாங்கி, வயல் வேலைய நிறுத்தி போராடி வாங்குன உரிமை அவங்களோடது. கள்ள சர்டிபிகேட்ட தடுக்க 1996-ல கேரளாவுல தனி சட்டமே போட்டாங்க, நிரூபிக்கிற பொறுப்பு கேக்குறவங்க மேலன்னு அதுல இருக்கு. பொய் சர்டிபிகேட்டுக்காரன பிடிக்க அது வேணும்தான். ஆனா அதே சட்டம், ரிக்கார்டு வச்சுக்கவே விடப்படாத ஒரு கூட்டத்து மேலயும் அப்படியே பாயுதுங்கறதுதான் என்னோட வருத்தம். நாங்க நேத்து வந்தவங்க இல்ல. 1956-ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீருமேடும் கேரளாவுக்குன்னு முடிவானப்ப இந்த லயங்கள்ல ஆளு இருந்தாங்க, அந்த ஆளுங்கள வச்சுத்தானே ரெண்டு பக்கமும் சண்டையே போட்டாங்க. எல்லைய காட்ட எங்க தலைய எண்ணுனவங்க, உரிமைன்னு வரும்போது ஒவ்வொரு தலையா பேப்பர் கேக்குறாங்க.

நான் கேக்குறது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வருசமும் தனித்தனியா நிரூபிக்க வேண்டாம். தோட்டம் தோட்டமா அரசாங்கமே செக்ரோல், பழைய வோட்டர் லிஸ்ட், ஆஸ்பத்திரி பிரசவ ரிஜிஸ்டர், சர்ச் ரிஜிஸ்டர், கோயில் வரிக்கணக்கு எல்லாத்தையும் ஒரு தடவை எடுத்து ஸ்கேன் பண்ணி, எந்தெந்த குடும்பம் 1950-க்கு முன்னாடியே இருக்குன்னு பட்டியல் போட்டுரணும். மூடுன தோட்டத்துல ரிக்கார்டு அழிஞ்சிருந்தா, அதே தோட்டத்து வயசானவங்க சாட்சிய எடுத்துக்கணும். அவங்கள்ல வருசத்துக்கு எத்தனையோ பேரு போய்ச் சேர்ந்துட்டு இருக்காங்க, இத இன்னும் பத்து வருசம் தள்ளிப்போட்டா சாட்சி சொல்லக்கூட ஆள் இருக்காது. 1950-க்கு அப்புறம் வந்த குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு, ரெண்டு பட்டியல்லயும் இருக்குற ஜாதின்னா, ஒரு மாநிலமாவது கண்டிப்பா சர்டிபிகேட் குடுத்தே ஆகணும்னு பார்லிமெண்ட் சட்டம் போடணும். ரெண்டு மாநிலமும் கைய விரிக்கிறது எந்த சட்டத்தோட நோக்கமும் இல்ல.

இப்போதைக்கு நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பிள்ளை பத்தாவது முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, எட்டாவது படிக்கும்போதே ஆரம்பிங்க. வேலைல இருக்குற அண்ணன்மாரு யூனியன் மூலமா கம்பெனி ஆபீஸ்ல பழைய செக்ரோல், பி.எஃப் ரிஜிஸ்டர் காப்பிய எழுத்துல கேளுங்க. அப்பத்தா, அம்மாச்சி பேரு எந்தெந்த பேருல பதிஞ்சிருக்குன்னு பாருங்க, மாடத்தி ஒரு இடத்துல மாடத்தியம்மா இன்னொரு இடத்துலன்னு இருந்தா அதுக்கே திருப்பி அனுப்புறாங்க, ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கங்க. அப்ளிகேஷன தள்ளுனா வாய்ல சொன்னத கேட்டுட்டு திரும்பி வராதீங்க, காரணத்த எழுதி கையெழுத்துப் போட்டு வாங்குங்க, அப்பீலுக்கு அது வேணும்.