ஈர்க்குச்சி நட்சத்திரங்களும் கப்பல் கடன் பாஸ்புக்கும்

டிராவலர் என்பது 1977இல் வெளிவந்த விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடையும் பேச்சுமாக ஆட வேண்டும். ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஒரு சரக்கு விண்கப்பலின் ஊழியர்கள். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் ஆடுகிறோம். நடுவர் பொறுப்பு என் தலையில். வரைபடங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் எனக்குக் கற்பனை நட்சத்திரங்களில் மனம் ஒட்டவில்லை. சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உண்மையாகவே இருப்பவற்றைக் கொண்டு செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

விதியே முதலில் குறுக்கே நின்றது. வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. மலிவான கப்பல் ஒரு பாய்ச்சலில் ஒரு கட்டம்தான் போகும். ஆல்ஃபா சென்டாரியோ 4.37 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கப்பலை வாங்கிவிட்டு வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டியதுதான்! ஆகவே ஒரு பாய்ச்சலுக்கு 6 ஒளியாண்டு என்று நானே மாற்றிக்கொண்டேன். அந்த எல்லைக்குள் சூரியனுக்கு ஆல்ஃபா சென்டாரி குடும்பமும் 5.96 ஒளியாண்டில் உள்ள பர்னார்டு நட்சத்திரமும் மட்டுமே சிக்குகின்றன. எனக்கு அந்த நெருக்கடி பிடித்திருந்தது.

அடுத்து, தட்டைத் தாள். ஆல்ஃபா சென்டாரி தென்வானில் வெகு கீழே இருப்பதால், வான நடுக்கோட்டுத் தளத்தில், அதாவது பூமியின் நடுக்கோட்டை வானுக்கு நீட்டிய தளத்தில், அதை அழுத்தி வரைந்தால் 4.37 ஒளியாண்டு 2.1 ஆகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்தில் உயரத்தை எண்ணாக எழுதி வைத்தால் யாரும் கணக்குப் போடப் போவதில்லை. எனவே குச்சிகளை நட்டு, நுனியில் மணியை நட்சத்திரமாக வைக்கலாம் என்று சிக்பேட்டையில் தெர்மாகோல் பலகையும் பாசிமணியும் வாங்கினேன். குச்சிக்குக் கடை தேவைப்படவில்லை, வீட்டுத் தென்னந்துடைப்பம் போதும். இதற்கு அம்மா சொன்னதை எழுத வேண்டாம்.

ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் நட்சத்திரப் பட்டியல் 1997இல் வெளியானது. அதிலிருந்து கோணங்களையும் தொலைவையும் எடுத்து, பள்ளியில் படித்த சைன், கொசைன் கொண்டு ஒவ்வொன்றின் இடத்தையும் கணக்கிட்டேன். ஓர் ஒளியாண்டுக்கு 2 சென்டிமீட்டர். சூரியனின் குச்சி 20 சென்டிமீட்டர் உயரம். சிரியஸ் 15, புரோசியான் 22, ஆல்ஃபா சென்டாரி 12.4. மணியின் துளை ஈர்க்கின் நுனியில் சிக்கென்று உட்கார்ந்துவிடும், பசை வேண்டாம். பிறகு 12 சென்டிமீட்டரில் ஒரு துண்டுக் கம்பியை வெட்டினேன். அதுதான் பாய்ச்சல் அளவுகோல். கம்பி இரண்டு மணிகளையும் தொட்டால் போகலாம், தொடாவிட்டால் இல்லை. பர்னார்டு 11.9 சென்டிமீட்டரில் நிற்பதால் ஈர்க்கு லேசாகச் சாய்ந்தாலே கம்பி எட்டாது. ஆடுவதற்கு முன் எல்லாரும் குனிந்து அதை நிமிர்த்துவது இப்போது வழக்கமாகிவிட்டது.

பொம்மையைப் பார்த்து அனைவரும் வியந்தார்கள், படம் எடுத்தார்கள். ஆட்டத்தைப் பிடித்து உலுக்கியது வேறொன்று: பாஸ்புக்.

பழைய விதிப்புத்தகத்தின்படி 200 டன் சரக்குக் கப்பல் 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். கிரெடிட் என்பது ஆட்டத்தின் பணம். கடனில் வாங்கினால் விலையில் 240இல் ஒரு பங்கை மாதத் தவணையாக 480 மாதம் கட்ட வேண்டும். தவணை 1,54,500. கட்டி முடிக்கும்போது தவணை மட்டுமே விலையைப் போல் இருமடங்கு! பெங்களூரில் அடுக்ககம் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அவென்யூ ரோட்டில் ஒரு நீள நோட்டு வாங்கிக் காக்கி அட்டை போட்டேன். தேதி, வரவு, செலவு, நிலுவை என்று கோடு இழுத்தேன். பெரிய அழிரப்பரைப் பிளேடால் செதுக்கி ‘நிலுவை’ முத்திரை ஒன்றும் செய்தேன். எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க வேண்டும். வையின் கொம்பு வகரத்துக்கு வலப்புறம் வரும். சிவப்பு மையில் அது பதிந்ததும் எங்கள் குழுவில் வங்கியில் ஓய்வுபெற்ற பக்கத்துவீட்டு அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை என்னிடம் கொடுங்கள்” என்று நோட்டை வாங்கிக்கொண்டவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

சண்டை சிரியஸை வைத்து மூண்டது. அது 8.6 ஒளியாண்டு, ஒரே பாய்ச்சலில் முடியாது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து புரோசியான் 5.2 ஒளியாண்டுதான். சிரியஸுக்குப் போகும் வழியில் வெறும் வெளியில் நின்று இரண்டாம் முறை பாயலாம். அதற்குக் கூடுதலாக 20 டன் எரிபொருளைச் சரக்கறையில் ஏற்ற வேண்டும், 82 டன் இடம் 62 ஆகிவிடும். “மாமா, வியாழனில் ஹைட்ரஜனைச் சும்மா அள்ளிக்கொள்ளலாமே?” என்றான் அக்கா மகன். அள்ளலாம், சுத்திகரிக்காத எரிபொருளில் பாய்ச்சல் தடம் மாறும் ஆபத்தும் உண்டு. சுத்திகரித்தது டன்னுக்கு 500 கிரெடிட். அண்ணா பேனாவைத் திறந்தார். காபி ஆறியது.

ஒவ்வொரு நட்சத்திரத்தின் கோள்களையும் குறித்து உலக அட்டைகளையும் செய்தேன். அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது பர்னார்டு ஒன்றுதான். அங்கே நான்கு கோள்கள் உறுதியாகியிருக்கின்றன, நான்கும் ஒரு வாரத்துக்குள் நட்சத்திரத்தைச் சுற்றி முடித்துவிடும். விதிப்படி ஒரு பாய்ச்சலுக்கே ஒரு வாரம். அக்கா மகன் அங்கே இறங்கியதும் ஆண்டு முடிந்துவிட்டதென்று போனஸ் கேட்டான். தவணை பூமி மாதத்தில்தான் என்று அண்ணா பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி, அவனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

சிரியஸ் பயணம் இன்னும் முடிவாகவில்லை. இந்த வாரம் நான் செய்ய வேண்டியது சரக்கு விலைப்பட்டியல். எப்சிலன் எரிடானிக்கும் டௌ சேட்டிக்கும் பலகையின் மறுபக்கத்தில் இடம் குறித்துவிட்டேன். ஈர்க்கு தீர்ந்துவிட்டது, புதுத் துடைப்பம் வாங்கித் தந்தால்தான் அம்மா பழையதைத் தருவார்.