ஆல்ஃபிரட் மன்னரைத் தேடிப் போகிறீர்களா? சிலையை விடுங்கள், சுவடியைப் பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய அரசர்களைத் தேடிப் போன பயணத்தைப் பற்றி, செலவு, தங்கும் இடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முதலில் தெற்கிலுள்ள வின்செஸ்டர் ஊர் டாக்சியைப் பற்றி எழுதிவிடுகிறேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கட்டணத்தில் ஒரு பென்னி குறைக்கவில்லை. பஸ்ஸில் பெட்டி வைக்க இடம் இல்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஜன்னல் ஓரமாக மழைநீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. இருட்டிய பிறகு வந்து இறங்கியதால் நடக்கத் தயங்கி டாக்சியில் ஏறினேன். ஓட்டுநர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு 18 பவுண்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அதே தூரத்தைக் கால் மணி நேரத்தில் நடந்துவிட்டேன். ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது இது பகற்கொள்ளை. ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவுக்கு இறக்கம்தான், நடந்தே போங்கள்.

கடைத்தெருவின் முடிவில், ஒன்பதாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஹாமோ தார்னிகிராஃப்ட் வடித்தது, 1901-ல் நிறுவியது. மன்னர் இறந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடித்தான் நிறுவினார்கள். ஆனால் ஆல்ஃபிரட் இறந்தது 899 அக்டோபர் 26-ல்! ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள் என்ற ஆண்டுக்குறிப்பு நூலின் பிரதியில் அந்த மரணம் 901-ஆம் ஆண்டின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே நம்பி விழா எடுத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் பிறகுதான் 899 என்று திருத்தினார்கள். இந்தப் பயணம் முழுவதும் நான் கண்டது இதைத்தான்: அந்த அரசர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ ஒரு துறவி எந்த வரியை எந்த ஆண்டின் பக்கத்தில் எழுதினார் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சிலையடியில் ஒரு வழிகாட்டி தன் குழுவுக்கு ரொட்டி கருகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். படையெடுத்து வந்த டேனிய வைக்கிங்குகளிடமிருந்து தப்பி 878-ல் சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த மன்னர் அடுப்பைக் கவனிக்கத் தவறினார், குடியானவன் மனைவி திட்டினாள் என்று ஆங்கிலேயக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பொறுக்கவில்லை. மன்னரை நேரில் அறிந்த அஸ்ஸர் 893-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை கிடையாது. இது நியோட் என்ற துறவியின் வரலாற்றில் பிற்காலத்தில் வருவது. 1574-ல் அஸ்ஸரின் நூலை அச்சிட்ட பேராயர் மேத்யூ பார்க்கர் அதைக் கொண்டுவந்து நடுவில் நுழைத்துவிட்டார். நம் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் என்று ஒதுக்கும் வகை. 1904-ல் ஸ்டீவன்சன் பதிப்பித்தபோதுதான் எது அஸ்ஸருடையது, எது சேர்த்தது என்பது தெளிவாகப் பிரிந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் சிலையடியில் கருகிய ரொட்டிதான் விலைபோகிறது. உண்மையான கதை இதைவிட எவ்வளவோ பெரியது.

கதீட்ரல் நுழைவுக்கட்டணம் ரூபாயில் ஆயிரத்தைத் தாண்டும். அரசர்களின் எலும்புகள் என்று மரப்பெட்டிகள் இருக்கின்றன. 1642-ல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படைவீரர்கள் அவற்றைக் கொட்டிக் கலைத்ததால் எது யாருடையது என்று பெட்டியின் மேலுள்ள பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஆல்ஃபிரட் அங்கே இல்லை. அவர் கடைசியாகப் புதைக்கப்பட்ட ஹைட் மடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தோட்டம். அனுமதி இலவசம். அங்கே கிடைத்த ஓர் இடுப்பெலும்புத் துண்டு 895-க்கும் 1017-க்கும் இடைப்பட்டது என்று 2014-ல் அறிவித்தார்கள். ஆல்ஃபிரட் ஆகலாம், மகன் எட்வர்ட் ஆகலாம். அதற்கு மேல் எலும்பு பேசாது.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் அரும்பொருள் கூடத்துக்குக் கட்டணமே இல்லை. அந்த ஊரில் பணம் கேட்காமல் இவ்வளவு தரும் இடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை. அரை நாள் அங்கேயே இருந்துவிட்டேன். இங்குள்ள பழைய ஆங்கிலச் சுவடிகளில் பெரும்பகுதி ராபர்ட் காட்டன் என்ற தனிமனிதர் சேர்த்தது. அவருடைய அலமாரிகளுக்கு ரோமப் பேரரசர்களின் பெயர்கள். அஸ்ஸரின் ஒரே பழைய பிரதி ‘ஓதோ’ அலமாரியில் இருந்தது. 1731 அக்டோபர் 23 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பற்றியது, அஸ்ஸர் எரிந்துபோனார். இன்று நாம் வாசிப்பது, அதற்கு முன் எடுத்த நகல்களையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டு மீட்டெடுத்த பாடம். 1722 பதிப்பில் முதல் பக்கத்தை அச்சு அசலாகச் செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். எரிந்த பிரதியின் எழுத்து எப்படி இருந்தது என்று காட்ட அந்தப் படம் மிஞ்சியது.

மூலம் எரிந்துவிட்டால் சண்டை வராமல் இருக்குமா? அஸ்ஸரின் நூலே போலி, பதினோராம் நூற்றாண்டு பிஷப் லியோஃப்ரிக் கட்டியது என்று 1964-ல் வரலாற்றாசிரியர் கால்பிரெய்த் சந்தேகம் கிளப்பினார். இன்னொரு வரலாற்றாசிரியரான டோரதி வைட்லாக் ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்தார். 1995-ல் ஆல்ஃபிரட் ஸ்மித் மறுபடியும் போலி என்றார். இந்த முறை ராம்சி மடத்துத் துறவி பிர்ட்ஃபெர்த்தின் மேல் பழி. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. நானும் வைட்லாக் பக்கம்தான். போலி செய்கிறவன் மன்னரின் மரணத்தை எழுதாமல் 893-லேயே நிறுத்துவானா?

இனி நம் ஊர் வாசகர்களுக்கான செய்தி. குரோனிக்கிள் ஒரே நூலாக இல்லை. 892-ஐ ஒட்டித் தொகுத்து, பல மடங்களுக்குப் பிரதி போய், ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக வளர்ந்தது. 883-ஆம் ஆண்டுக் குறிப்பில், லண்டனில் டேனியப் படைக்கு எதிரே முகாமிட்டிருந்தபோது மன்னர் நேர்ந்துகொண்ட காணிக்கையை சிகெல்ம், ஏதெல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் எடுத்துச் சென்றார்கள் என்று இருக்கிறது. மயிலாப்பூர் சாந்தோமை நினைக்காமல் இதை வாசிக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் A, B, C என்று எழுத்திட்டு அழைக்கும் பிரதிகளில் D, E பிரதிகள் ‘இந்தியா’ என்னும் இடத்தில் B, C பிரதிகள் ‘யூதேயா’ என்கின்றன. சுத்தமான பாடபேதம். சிகெல்ம் போய்த் திரும்பினார், மணிகளும் வாசனைப் பொருள்களும் கொண்டுவந்தார் என்று எழுதும் மால்ம்ஸ்பரி வில்லியம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். இந்தியாவில் எந்த ஊர் என்று குரோனிக்கிள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே மயிலாப்பூர் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அனுப்ப நினைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

வடக்கே போகும் ரயில் கட்டணம் என் கையிருப்பைப் பாதியாக்கியது. வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் அந்தப் பக்கம் போகவே நினைக்காதீர்கள். போய்ச் சேர்ந்தபின் கவலை இல்லை: இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு. நியூகாசிலில் ‘ஸ்டாட்டி’ என்ற தட்டையான, கனத்த உருண்டை ரொட்டி கிடைக்கும். உள்ளே ‘பீஸ் புட்டிங்’ தடவித் தருகிறார்கள். மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்தது. நம் வீட்டுப் பருப்புக் கடையலேதான், மிளகாய் மட்டும் இல்லை. பன்றி இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு பவுண்டுக்குள் மதியச் சாப்பாடு முடிந்தது, இரவு வரை பசிக்கவில்லை. இந்தப் பயணத்தில் இதைவிட ருசியாக எதையும் சாப்பிடவில்லை.

அங்கிருந்து மெட்ரோவில் ஜாரோ. ‘பீட்’ என்று வரலாற்றாசிரியரின் பெயரிலேயே பக்கத்தில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. புனித பவுல் ஆலயத்தில் வளைவின் மேலே அந்தக் கோயில் நேர்ந்தளிக்கப்பட்ட நாளைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டு. நம் கல்வெட்டுகளைப் போலவே அதிலும் ஆட்சியாண்டுதான்: வடபகுதியான நார்தம்பிரியாவை ஆண்ட எக்ஃப்ரித் அரசரின் 15-ஆம் ஆண்டு. கணக்கிட்டால் 685 ஏப்ரல் 23. அடுத்த மாதம் 20-ஆம் தேதி எக்ஃப்ரித், இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்டுகளோடு போரிட்டு மாண்டுவிட்டார். அந்த ஆலயத்தோடு இருந்த மடத்தில் வளர்ந்த பீட், 731-ல் முடித்த திருச்சபை வரலாற்றில் அந்த மரணத்தை மூடி மறைக்கவில்லை. நண்பர்கள் தடுத்தும் கேளாமல் போனார், முந்தைய ஆண்டு தீங்கு செய்யாத அயர்லாந்து மக்களைத் தாக்கியதற்குக் கிடைத்த தண்டனை இது என்று எழுதுகிறார். தம் மடத்துக்கு நிலம் கொடுத்த அரசரைப் பற்றி! யார் எந்தச் செய்தியைத் தந்தார், ரோமில் யார் போய்க் கடிதங்களை நகலெடுத்து வந்தார் என்பதை முன்னுரையிலேயே பெயர் சொல்லி எழுதியும் வைக்கிறார். மன்னரிடம் மடங்களைப் பரிசாகப் பெற்ற அஸ்ஸரை விரும்பி வாசிக்கிறேன். பீட் சொல்வதை நம்புகிறேன்.

பணம் குறைவாக இருந்தால் வின்செஸ்டர் கதீட்ரலை விட்டுவிடுங்கள், ஜாரோவை விடாதீர்கள். கேம்பிரிட்ஜுக்கு எனக்குக் காசு மிஞ்சவில்லை. அங்கே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பார்க்கர் நூலகச் சுவடிகளை 2018 முதல் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 183-ஆம் எண் சுவடியில் ஆல்ஃபிரட்டின் பேரனான ஏதெல்ஸ்டன் மன்னர் புனித கத்பர்ட்டுக்குப் புத்தகம் அளிக்கும் ஓவியம் இருக்கிறது. 173-ஆம் எண்தான் குரோனிக்கிளின் மிகப் பழைய பிரதியான A. அதில் 883-ஐத் தேடிப் பாருங்கள். டேனியப் படை எங்கே தங்கியது என்ற செய்தி மட்டும்தான் இருக்கும், தோமையார் காணிக்கை இருக்காது.