சனிக்கிழமை மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

காலையில் எழுந்தால் விரல்கள் எவ்வளவு நேரம் விறைத்திருக்கின்றன என்று டாக்டர் கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றேன். ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். முடக்குவாதம். என்ன வேலை என்றார். கதை எழுதுகிறேன் என்றதும், "கையாலா, கம்ப்யூட்டரிலா?" என்று கேட்டார். உருப்படியான கேள்வி.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் சீட்டில் 'சனி' என்று எழுதி அழுத்தமாகக் கோடு போட்டார். இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். அவ்வப்போது ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் பார்க்கும் டெஸ்ட். மருந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகலாம். புற்றுநோய்க்கும் இதே மருந்துதான் என்று யாரோ சொல்லக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். வாதத்துக்குத் தருவது ரொம்பக் குறைந்த அளவு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விரல் ஒத்துழைக்காத காலைகளில் போனில் பேசி எழுதுகிறேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு தெருவை ஒட்டியது. கதாநாயகி தேம்பி அழும் இடத்தில் கீரைக்காரரின் "சொப்பு, சொப்பு" (கன்னடத்தில் கீரை) வந்து விழும். அதையாவது அழித்துவிடலாம். பேச்சு வழக்குதான் பெரிய தொல்லை. 'வந்துட்டாங்களாமே' என்றால் போன் தன் இஷ்டத்துக்கு எதையாவது போடும். செய்தி வாசிப்பது போல நிறுத்திச் சொன்னால் தேவலை, ஒற்றுப்பிழை தனி. அதனால் விவரிப்பை வாயால் சொல்கிறேன், வசனத்தை மதியத்துக்கு மேல் விரலால் தட்டுகிறேன். வலிக்கிற விரலால் எவ்வளவு தட்ட முடியும்? தமிழ்ச் சங்கத்தில் பார்த்த நண்பர் ஒருவர், "வசனமெல்லாம் சிக்கனமா ஆயிடுச்சு, நல்லாயிருக்கு சார்" என்றார். சரி, இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்கக் குமட்டல். அன்று எழுத்து கிடையாது, புரூஃப்கூடப் பார்ப்பதில்லை. பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: திங்கள் காலைக் கெடு வேண்டாம்.

கூடவே, முடக்குவாதத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் போடுகிறவர்கள் தொடக்கத்திலேயே விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் போட்டால் அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும். கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.