ஹெக்சேன் நாற்றம் போன கதை

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், இடது கையையும் வலது கையையும் பிரிக்கிறேன் என்பேன், அதோடு பேச்சு நின்றுவிடும்.

பொய்யில்லை. சில மூலக்கூறுகளுக்குக் கண்ணாடிப் பிம்பம் போல ஒரு ஜோடி உண்டு. எடை, கொதிநிலை எல்லாம் ஒன்றுதான், ஆனால் மூக்கு கண்டுபிடித்துவிடும்: கார்வோனின் ஒரு வடிவம் புதினா மணக்கும், மறு வடிவம் கேரவே விதை மணக்கும். உடம்பும் கண்டுபிடிக்கும், ஐபுப்ரோஃபெனில் வலியைக் குறைப்பது முக்கியமாக எஸ் வடிவம்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஹெக்சேன் என்ற கரைப்பானையும் ஐபிஏ என்ற ஆல்கஹாலையும் கலந்து, சேர்மத்தோடு ஒரு குழாய் வழியே ஓட்டித்தான் பிரிப்போம். ஒரு ரன்னுக்கு முக்கால் மணி நேரம், அப்புறம் லிட்டர் கணக்கில் சேர்ந்த கரைப்பானை ரோட்டாவேப் என்ற ஆவியாக்கும் கருவியில் ராத்திரி வரை ஓட்டி விரட்ட வேண்டும், சட்டையெல்லாம் ஹெக்சேன் நாற்றம், அது நரம்புக்கும் ஆகாது.

இப்போது எஸ்எஃப்சி, அதாவது ஹெக்சேனுக்குப் பதிலாகச் சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடை ஓட்டிப் பிரிக்கும் முறை. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயுவும் இல்லை திரவமும் இல்லை என்ற நிலைக்குப் போய்விடும், அதுதான் சூப்பர்கிரிட்டிக்கல். திரவம் போலக் கரைக்கும், ஆனால் பிசுபிசுப்பு மிகக் குறைவு. அதனால் நிமிடத்துக்கு 3, 4 மில்லி தள்ளினாலும் பம்ப் திணறாது, முக்கால் மணி நேர வேலை பல சமயம் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் போனால் முனைவுள்ள, அதாவது மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்த சேர்மங்கள் அசையாது என்பதால் மெத்தனாலும் கலப்போம். மெத்தனால் சேர்ந்ததும் அந்தக் கலவை பெரும்பாலும் சூப்பர்கிரிட்டிக்கலே இல்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பீக் (வரைபடத்தில் ஒவ்வொரு சேர்மமும் காட்டும் மேடு) பிரிந்தால் பெயரைப் பற்றி யாருக்குக் கவலை?

உண்மையில் பிரிப்பது உள்ளே இருக்கும் குழாய்தான். (ஆங்கிலத்தில் column, காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள்.) சிலிகாத் துகள்மேல் செல்லுலோஸ் அல்லது அமைலோஸிலிருந்து செய்த பூச்சு, அதற்கே ஒரு 'கை' உண்டு என்பதால் ஜோடியில் ஒன்றைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் குழாய் எந்தச் சேர்மத்தைப் பிரிக்கும் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. நாலைந்து குழாய், இரண்டு மூன்று ஆல்கஹால், எல்லாவற்றையும் ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்க வேண்டியதுதான். மெத்தனாலை ஐபிஏவாக மாற்றினால் முதலில் வந்தது இரண்டாவதாக வருவதும் உண்டு.

ஒருமுறை அப்படிப்பட்ட பூச்சுக் குழாயைக் கழுவுகிறேன் பேர்வழி என்று டைகுளோரோமீத்தேனை அரை மணி நேரம் ஓட்டினேன். பூச்சு கரைந்து வெளியே வந்துவிட்டது. விலையைக் கேட்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். அழுத்தம் இறங்கியதும் கார்பன் டை ஆக்சைடு தானே பறந்துவிடும், பிளாஸ்கில் கொஞ்சம் மெத்தனால்தான் மிஞ்சும், ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் அந்த மெத்தனாலைக் காலையில் ஆவியாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் சேர்மம் கார்பாக்சிலிக் அமிலமாக இருந்து, நீங்களும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்து ஓட்டியிருந்தால், மெத்தனாலோடு சேர்ந்து எஸ்டர் என்ற வேறு சேர்மமாக மாற ஆரம்பித்துவிடும். பாடுபட்டுப் பிரித்ததில் காலையில் புதிதாக ஒரு பீக் நிற்கும்.