கொல்லிமலையில் கிளட்ச் வாசனை

38-ஆவது கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வளைவின் முழு அகலமும் அதற்கே வேண்டும் என்பதால், கீழே நாங்கள் ஐந்தாறு வண்டிக்காரர்கள் வரிசையாக நின்றோம். நின்றோம் என்றாலும் நான் பிரேக் பிடிக்கவில்லை. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாத அளவுக்கு ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிப் பிடித்திருந்தேன். சேலத்தில் மேம்பாலம் ஏறும்போது போக்குவரத்து நின்றால் எப்போதும் செய்வதுதான்.

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னடா, ஏதோ கருகுற வாசனை வருது?" என்றார்.

பேருந்து கடந்ததும் திருகினேன். எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. அப்புறம் ஒரு உதறல் உதறிவிட்டு நகர்ந்தது. அடுத்த வளைவில் கொஞ்சம் அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். அம்மா இறங்கி மதில்மேல் உட்கார்ந்துகொண்டார். இடப்பக்கக் கவரின் அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு அடித்தது.

கொல்லிமலைக்குப் போகவேண்டும், அறப்பளீஸ்வரரைப் பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. பேருந்தில் போனால் 70 வளைவுக்கும் வயிறு தாங்காது என்பார். அதனால்தான் என் 110 சிசி ஸ்கூட்டரில் விடியற்காலையில் கிளம்பினோம். ராசிபுரம், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. அம்மா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் கிளட்ச் ஸ்கூட்டரில் கிடையாது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இடது கைக்குக் கிடைப்பது பிரேக் பிடி. கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் கிளட்ச் இருக்கிறது, பின்சக்கரத்துப் பக்கம், பெல்ட் ஓடும் பெட்டிக்குள். முன்னால் எஞ்சினோடு சுற்றுவது வேரியேட்டர். அதற்குள் இருக்கும் ரோலர்கள் வேகம் கூடக்கூட வெளிப்பக்கமாக நகர்ந்து, பெல்ட் ஓடும் வட்டத்தை மாற்றுகின்றன. கியர் மாறுவது அப்படித்தான். பெல்ட்டின் மறுமுனையில் உராய்ந்து பிடிக்கும் கட்டைகளான மூன்று கிளட்ச் ஷூக்கள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், சுற்றிலும் பெல் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கிண்ணம். ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் வண்டி ஐடிலில் நிற்கும்போது ஷூக்கள் கிண்ணத்தைத் தொடுவதில்லை. எஞ்சின் சுற்று ஏறத்தாழ மூவாயிரத்தை நெருங்கும்போது, ராட்டினத்தில் நாம் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவதுபோல அவை விரிந்து கிண்ணத்தைக் கவ்வுகின்றன. சக்கரம் சுற்றத் தொடங்குகிறது.

தொடுவதற்கும் முழுசாகக் கவ்வுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதில் ஷூ கிண்ணத்தின்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சமதளத்தில் அதை ஒரு நொடியில் தாண்டிவிடுவோம். ஏற்றத்தில் இரண்டு பேர் எடையை ஆக்ஸிலேட்டரால் தாங்கிப் பிடித்தேனே, அந்த இரண்டு மூன்று நிமிடமும் ஷூ வழுக்கியபடியேதான் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு வந்த வாசனை அதுதான்.

இருபது நிமிடம் கழித்துக் கிளம்பினோம். மீதி வளைவுகளில் எங்கே நிற்க வேண்டி வந்தாலும் இரண்டு பிரேக்கையும் பிடித்து, ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டேன். முன்னால் வழி திறந்த பிறகு பிரேக்கை விட்டுக்கொண்டே தயங்காமல் திருகினேன். மெதுவாகத் திருகினால் வண்டிக்கு நல்லது என்ற நினைப்பு ஏற்றத்தில் நேர் எதிர். நத்தைபோல ஊர்வதுதான் கிளட்ச்சைத் தின்னும்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அம்மா சன்னதியில் வெகுநேரம் நின்றார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள் என்றதும், "நீ போயிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஏறி வரும்போதுதான் என் முழங்கால்களுக்கும் சுமை என்றால் என்னவென்று தெரிந்தது.

இறக்கத்தில் வேறொரு பாடம். கியர் பைக்கில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரிலும் அது உண்டு, ஷூ கிண்ணத்தைக் கவ்வியிருக்கும் வரை மட்டும். வளைவுக்காக வேகத்தை மிகவும் குறைத்தால் ஷூ விட்டுவிடுகிறது. வளைவு முடிந்து சரிவில் வண்டி தானாக வேகமெடுக்கும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது, வண்டி வெறுமனே உருளும். முதல் இரண்டு வளைவில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு, திரும்பி முடித்து வண்டி நேரானதும் ஆக்ஸிலேட்டரை ஒரு சிட்டிகை திருகி விட்டுப் பார்த்தேன். ஷூ மறுபடி கவ்வியது, எஞ்சின் பிடிப்பு திரும்பி வந்தது. அம்மாவுக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது. அதற்குப் பிறகு டிரம் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஆனாலும் நடுவில் இரண்டு இடத்தில் நின்று பிரேக்கை ஆறவிட்டோம்.

பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்குபவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், இருக்கிற கொஞ்சம் பிடிப்பும் போய்விடும். எஞ்சின் ஓடினால் மட்டுமே முகப்பு விளக்கு எரியும் வண்டிகளில் பனிமூட்டத்தில் அதுவும் அணைந்துவிடும்.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். இடப்பக்கக் கவரைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருந்தது. வாயால் ஊதப் போனேன். "ஊதாதே தம்பி, மூச்சுக்குள்ள போகும்" என்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு துணியால் துடைத்தார். ஷூக்கள் கண்ணாடிபோலப் பளபளத்தன. கிண்ணத்தின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"இந்தப் பளபளப்புதான் தம்பி உதறலுக்குக் காரணம். பிடிக்காம வழுக்கி வழுக்கி அப்புறம் வெடுக்குனு பிடிக்குது" என்றார். ஷூவில் இன்னும் தேயாத தடிமன் இருந்ததால் மாற்றவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உப்புத்தாளால் மேல்பளபளப்பை மட்டும் எடுத்தார், கிண்ணத்தையும் லேசாகத் தேய்த்தார். ரோலர்களில் ஒன்று ஒருபக்கம் தட்டையாகியிருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமமாக இருக்காது என்று ஆறையும் மாற்றினார். பெல்ட்டை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. என் வண்டியின் கையேடு 24,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்கிறது. அதை நான் முன்பே செய்திருந்தேன்.

நான் மறந்தே போயிருந்தது கியர் ஆயில். எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிற நான், பின்சக்கரத்தருகே தனியாக 120 மில்லி ஆயில் இருப்பதை நினைத்ததே இல்லை. வெளியே வந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. புது ஆயிலை ஊற்றும்போது பெல்ட் பெட்டிக்குள் ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொண்டார். அங்கே எல்லாம் உலர்ந்த உராய்வில்தான் வேலை. எண்ணெய் பட்டால் பெல்ட்டும் வழுக்கும், ஷூவும் வழுக்கும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம், அம்மா கேட்டதால். இந்த முறை 52-ஆவது வளைவில் லாரி ஒன்று வழிமறித்து நின்றது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா பின்னாலிருந்து ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலை, போ" என்றார். திரும்பும்போது சோளக்காட்டில் இரண்டு அன்னாசி வாங்கினோம். கால் வைக்கும் இடத்தில் வைத்து, உருளாமல் என் செருப்பால் அணைத்தபடி 70 வளைவையும் இறங்கினேன்.